கன்னியம்மாளுக்கு முதல் இலை

கன்னியம்மாளை உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். அவளுக்கு நடந்த அநியாயம் அதுதான்.

சோறு போட்டது ஒரு அநியாயமா என்று நீங்கள் கேட்கலாம். காலைக் கழுவி, குங்குமம் வைத்து, புதுச் சேலை கொடுத்து, தலைவாழை இலையில் பாயசம் முதற்கொண்டு பரிமாறினார்களே, அதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று வல்லக்கோட்டையில் அன்றைக்குப் பாதிப் பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். இதில் கெட்டவன் என்று கைகாட்ட ஒரு ஆள் கிடையாது. இருந்திருந்தால் அவனை நாலு திட்டு திட்டிவிட்டு நானும் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிருத்திகைக்குக் கிருத்திகை ஜனம் வந்து குவியும். வருகிறவர்களுக்குச் சோறு போடுவதற்காகக் கோயில் வீதியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அது கோயிலைச் சேர்ந்தது அல்ல. சபாபதி முதலியார் என்கிற ரைஸ்மில்காரர் தன் சொந்தப் பிரார்த்தனைக்காகப் போட்டது. ஒரு பந்திக்கு அறுபது பேர். சாதாரணக் கிருத்திகைக்கு ஆறு ஏழு பந்தி, ஆடிக் கிருத்திகை என்றால் பதினைந்துகூட ஓடும். ஒவ்வொரு பந்தி எழுந்ததும் அறுபது எச்சில் இலைகளை எடுத்துக் குழியில் போட்டு, தரையைக் கழுவித் துடைத்து, அடுத்த பந்திக்கு இடத்தைத் தயார் பண்ண வேண்டும். பத்தொன்பது வருஷம் அதைத் தனி ஒருத்தியாகச் செய்தவள் கன்னியம்மாள். கூலி கிடையாது. அவள் கேட்டதும் இல்லை.

அவள் அங்கே வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேரப்பணஞ்சேரியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்தவள் அவள். புருஷன் முனிரத்தினம் லாரிக்குக் கல் ஏற்றப் போனவன், போன இடத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். எங்கேயோ போய்த் தொலையட்டும் என்று தலைமுழுகினாள். பச்சையம்மா என்று ஐந்து வயசில் ஒரு பெண் குழந்தை இருந்தது, அது போதும் அவளுக்கு. அறுபத்திரண்டாம் வருஷம் பிறந்த சமயம் ஊரில் வாந்திபேதி வந்தது. காலையில் வயிறு வலிக்குதும்மா என்று சொன்ன குழந்தை சாயங்காலம் இல்லை.

பதினாறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பதினேழாம் நாள் விடிந்ததும் ஏரியில் விழுந்து செத்துப்போவது என்று கிளம்பினாள். சொந்த ஊர் ஏரியில் விழுந்தால் தெரிந்தவர்கள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றித் தொலைப்பார்கள். அதனால் வல்லக்கோட்டைப் பக்கம் இரண்டு மணி நேரம் நடந்து வந்தாள். ஏரி தளும்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தைக் கிருத்திகை. கரை முழுக்கக் காவடியும் மொட்டைத் தலையுமாக ஜனம் குளித்துக்கொண்டிருந்தது. சாகிறவளுக்கு ஒரு ஓரம் கிடைக்கவில்லை. கூட்டம் கலையட்டும் என்று திரும்பி வந்து முதலியார் கொட்டகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் பார்த்து இலை எடுக்கிற ஆள் வரவில்லை. சமையல்காரர் ரகுபதி அடுப்புக்கும் பந்திக்கும் நடுவில் கிடந்து அல்லாடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இவள் பட்டாள்.

"ஏம்மா, மரமாட்டம் நின்னுக்கினு கீறியே, அந்த எலைங்கள யாரு எடுப்பா, உங்கப்பனா வருவாரு?"

கன்னியம்மாள் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் இல்லை. குனிந்து முதல் இலையை எடுத்தாள்.

அன்று ஏழு பந்தி. ஏழாவது பந்தியின் இலையைக் குழியில் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்குப் பசித்தது. பதினேழு நாளாக எட்டிப் பார்க்காத பசி. பெற்ற பெண்ணைப் புதைத்துவிட்டு இந்த வயிறு சோறு கேட்கிறதே என்று வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலியார் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், பரிமாறியவர், இலை எடுத்தவர் எல்லோருக்கும் ஒரு கடைசிப் பந்தி. முதலியாரும் அந்தப் பந்தியின் கோடியில்தான் உட்காருவார். வேலை செய்யாதவனுக்கு அதில் இடமில்லை, அவர் பெற்ற மகனாக இருந்தாலும். அதில் அவளுக்கும் ஓர் இலை போட்டார்கள். நீ யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கை கழுவும்போது முதலியார் மட்டும் சொன்னார்.

"அடுத்த கிருத்திகைக்கு வந்துடும்மா. ஒன்ன நம்பித்தான் கீறோம்."

திரும்பும் வழியில் அதே ஏரிக்கரை மேல்தான் நடந்தாள். தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை. கிருத்திகை இருபத்தேழு நாளைக்கு ஒரு தடவை வரும். இருபத்தேழு நாளைத் தள்ளிவிட்டால் போதும் என்று அவள் கணக்கு வைத்துக்கொண்டாள். அது முடிந்தால் இன்னொரு இருபத்தேழு. இப்படியே பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்துவிட்டாள். முருகா என்று ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டிருப்பாளா என்பதே சந்தேகம். சன்னதிக்குள் போக அவளுக்கு நேரம் ஏது?

இலை எடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள். குனிந்தால் போதும் என்பது உண்மைதான். ஆனால் அவள் ஒவ்வொரு இலையையும் பார்ப்பாள். சோறு அப்படியே இருந்து ஊறுகாய் மட்டும் காலியாகி இருந்தால், யாரோ முழுகாமல் இருக்கிற பெண் மசக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்திருக்கிறது. உடனே தேடிப் போய் ஒரு டம்ளர் மோர் கொடுப்பாள். இலையை வழித்து நக்கினது போலிருந்தால், அந்த ஆள் அடுத்த பந்தியிலும் உட்காரட்டும், யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று ரகுபதிக்குக் கண்ணைக் காட்டுவாள்.

இலையை மடிக்கிற விதம் உங்களுக்கே தெரியும். நல்ல காரியத்தில் சாப்பிட்டால் மேல் பாதியைத் தன் பக்கமாக இழுத்து மூடுவோம். கருமாதிச் சாப்பாடு என்றால் தன்னை விட்டு எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடுவோம். ஒரு தடவை பந்தியில் ஐம்பத்தொன்பது இலை உள்பக்கம் மடித்திருந்தது, ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம். அதைக் கையில் எடுக்காமல் நின்றுவிட்டாள் கன்னியம்மாள். அந்த இலைக்காரர் கை கழுவுகிற தொட்டியருகே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். போய்க் கேட்டாள். ஒரே பையன், பத்து நாள்தான் ஆகிறது. பந்தி சாப்பாடு என்றதும் கை தானாக அப்படி மடித்துவிட்டது. இவள் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. "அந்தக் கொடத்துல தண்ணி தீந்துபோச்சு, நெரப்பிக்கினு வரியா சாமி?" என்று மட்டும் கேட்டாள். அந்த மனுஷன் அன்று சாயங்காலம் வரை தண்ணீர் சுமந்தார், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஊர் போய்ச் சேர்ந்தார். இதற்கெல்லாம் என்ன பெயர் என்று கன்னியம்மாளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

எண்பத்தொன்றில்தான் பெயர் தெரிந்தவர்கள் வந்தார்கள்.

முதலியாருக்கு வயசாகிவிட்டது, கால் இரண்டும் வீங்கி நடமாட்டம் குறைந்துவிட்டது. அந்த நேரத்தில் மெட்ராஸிலிருந்து அறுமுகன் அடியார் சேவா சங்கம் என்று ஒன்று அவரைத் தேடி வந்தது. அதன் தலைவர் ஏகாம்பரநாதன், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, அதிர்ந்து பேசாத குரல். அரிசி பருப்பிலிருந்து ஆள் அம்பு வரை எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொள்ளும், பெயர்கூட முதலியார் பெயரிலேயே இருக்கட்டும் என்றார். முதலியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டு ஒப்புக்கொண்டார்.

ஆடிக் கிருத்திகையன்று இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். தோளில் மஞ்சள் துண்டு, சட்டையில் பெயர் எழுதின அட்டை. யார் யாருக்கு என்ன சேவை என்று ஒரு பட்டியல் கம்பத்தில் தொங்கியது. மற்ற வேலைக்கெல்லாம் இரண்டு மூன்று பேர்தான், இலை எடுக்கும் சேவைக்கு மட்டும் இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஏனென்றால் ஏகாம்பரநாதன் வாராவாரம் உபந்யாசத்தில் சொல்லியிருந்தார், அடியார் எச்சில் இலையை எடுப்பதுதான் தொண்டிலேயே தலையாய தொண்டு, அகங்காரத்தை அடியோடு பிடுங்கிப் போடுவது அதுதான் என்று. அகங்காரம் போக வேண்டும் என்கிற ஆசையில் அவனவன் முண்டியடித்தான். ஆளுக்கு அரைப் பந்தி என்று பங்கு போட வேண்டியதாயிற்று.

கன்னியம்மாள் வழக்கம்போல விடிகாலையில் நடந்து வந்து, கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் பந்தி எழட்டும் என்று நின்றிருந்தாள். ஏகாம்பரநாதன் நேராக அவளிடம் வந்து, இரண்டு கையாலும் கூடையை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, பவ்யமாகத்தான் வாங்கினார்.

"முதலியார் சொன்னார் அம்மா. பத்தொன்பது வருஷம் செஞ்சிருக்கீங்க. போதும். இனிமே நீங்க உக்காருங்க, நாங்க செய்யறோம்."

"இல்ல சாமி, நா எடுத்துர்றேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"உங்களுக்குக் கஷ்டமில்ல, தெரியும். எங்களுக்கும் ஒரு பாக்கியம் வேணாமா?" என்று சிரித்தார்.

அவள் மாவாட்டப் போனாள், அங்கே மூன்று பெண்கள் பெயர் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். துடைப்பத்தைத் தேடினாள், அதுவும் ஒருவர் கையில் இருந்தது. காய் நறுக்கப் போனால் ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்கார வைத்து விசிறினாள். கன்னியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ துணியை உருவினது போல இருந்தது. எழுந்து போய் அந்தப் பழைய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெட்ராஸ்காரர்கள் இலை எடுப்பதைப் பார்த்தாள். கண்ணை மூடி, உதடு ஏதோ முணுமுணுக்க, பூ எடுப்பது போல எடுத்தார்கள். எந்த இலையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசிப் பந்திக்கு ரகுபதி கூப்பிட்டார்.

"வா கன்னிம்மா, இன்னாத்துக்கு அங்கியே நிக்கிற? வந்து குந்து."

"நா இன்னா வேல செஞ்சேன், குந்தறதுக்கு?"

அவள் சாப்பிடாமலே சேரப்பணஞ்சேரிக்கு நடந்தாள். வயிறு காய்ந்தது பெரிதில்லை, வெறும் வயிற்றோடு களையெடுத்த நாள் எத்தனையோ உண்டு. அடுத்த இருபத்தேழு நாளை எதைச் சொல்லித் தள்ளுவது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து முதலியாரைத் தேடி ரைஸ்மில்லுக்குப் போனாள். கூடையைத் திருப்பி வாங்கித் தரச் சொன்னாள். முதலியார் ஸ்டூல் மேல் வீங்கின காலை நீட்டியபடி கையைப் பிசைந்தார். "நல்லதுதானே பண்றாங்க கன்னிம்மா. அவங்க கையில குடுத்துட்டு நா எப்டி நடுவுல பூந்து பேசுவேன்? ஞாயித்துக்கிழம அவரு வராரு. நீயே கேட்டுப் பாரு. தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன்தான், அதில் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏகாம்பரநாதன் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அடுத்த கிருத்திகைக்கான பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். கன்னியம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒரு கூலிக்காரியைப் பார்த்து எழுந்து நிற்கிற ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. பெஞ்சில் உட்காரச் சொல்லி, தான் தரையில் உட்கார்ந்தார். அந்த மரியாதையில் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. பத்தொன்பது வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, ரகுபதிக்கே தெரியாததை, அவரிடம் சொன்னாள். புருஷன் ஓடிப்போனது, வாந்திபேதி, ஏரி, கம்பம், இலை, பசி, இருபத்தேழு நாள் கணக்கு, எல்லாவற்றையும் சொன்னாள்.

"பச்சையம்மான்னு பேரு சாமி. அது பூட்டப்புறம் நா எதுக்குக் கீறேன்னு எனக்கே தெரியல. இந்தக் கூடைய எடுத்தப்பத்தான், சரி, இதுக்குத்தான் மேல கீறவரு நம்மள வச்சுக்கினு கீறாருன்னு தோணிச்சு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம். கூடைய குடுத்துடுங்க. ஒரு பந்தி போதும். அரைப் பந்தின்னாலும் சரி."

ஏகாம்பரநாதன் அழுதுவிட்டார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிடைத்துவிட்டது என்றுதான் கன்னியம்மாள் நினைத்தாள்.

"அம்மா, எனக்கு அறுபத்தொரு வயசு. வாழ்நாள் பூரா ஃபைல் பாத்தேன். சம்சாரம் போனதுக்கு அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்னு எனக்கும் தெரியலை. போன வாரம் அந்த இலையை எடுத்தேன் பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது. நீங்க சொன்னீங்களே, அதே வார்த்தை. அப்படியே என் மனசுல இருந்தது."

கன்னியம்மாளுக்குத் திக்கென்றது. இந்த ஆளும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தானா என்று ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அடுத்த நிமிஷம் ஆத்திரமாக வந்தது. இவருக்குத் தண்ணீர்க் குடம் இருக்கிறது, அடுப்படி இருக்கிறது, மெட்ராஸ் முழுக்க இருக்கிறது. அவளுக்கு இருந்தது ஒரு கூடை.

"அப்பக் குடுத்துடுங்களேன் சாமி" என்றாள்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "பலனை எதிர்பார்க்காம செய்யறதுதான் தொண்டு. நீங்க படிக்காமலே அதைச் செஞ்சுட்டீங்க. ஆனா ஒண்ணு மிச்சம் இருக்கு அம்மா. என் கூடை, என் பந்தின்னு ஒரு பிடிப்பு வந்துடுச்சு பாத்தீங்களா? தொண்டு மேல வச்சாலும் அது பற்றுதான். அதையும் விட்டுட்டீங்கன்னா உங்களுக்கு மேல ஒருத்தர் கிடையாது."

கன்னியம்மாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்டின்னா நீங்க வுட்டுருங்களேன்."

ஏகாம்பரநாதன் சிரித்தார். குழந்தை பேச்சைக் கேட்டுச் சிரிப்பது போன்ற சிரிப்பு. அடடா, எவ்வளவு பெரிய வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுப் பட்டியலை எடுத்து, எல்லாப் பெயருக்கும் மேலே, ஆவணிக் கிருத்திகை, முதல் இலை, கன்னியம்மாள் என்று எழுதினார்.

"உங்களுக்கு நாங்க பாத பூஜை பண்ணணும். முதல் பந்தியில முதல் இலை உங்களுக்குத்தான். உங்க இலையை நானே என் கையால எடுப்பேன். வராம இருந்துடாதீங்க."

அவள் கேட்டது ஒரு கூடை. வேறு எவனாவது தரமாட்டேன் போ என்று விரட்டியிருந்தால் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருப்பாள். காலில் விழுகிறவனை என்ன செய்வது?

போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் ஆவணிக் கிருத்திகையன்று கால் தன்பாட்டுக்கு நடந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு மனசு மாறி ஒரு பந்தியாவது கொடுத்துவிடுவார் என்று உள்ளே ஒரு நப்பாசை இருந்தது. கொட்டகை வாசலிலேயே நாலு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டியிருந்த சேலைக்கு மேலே புதுச் சேலையைப் போர்த்தினார்கள். மணைப் பலகையில் நிற்க வைத்துத் தாம்பாளத்தில் பாதத்தைக் கழுவினார்கள். நடந்து வந்த புழுதி மஞ்சள் தண்ணீரில் கலங்கி ஓடியது. அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அந்தப் பெண்கள் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். அப்புறம் முதல் இலையின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

ஏகாம்பரநாதன் மைக்கைப் பிடித்தார். வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று நாமெல்லாம் புத்தகத்தில் தேடுகிறோம், இதோ இந்தத் தாய் எச்சில் இலையில் கண்டுபிடித்தாள் என்று ஆரம்பித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முனிரத்தினம் ஓடிப்போனதைச் சொன்னார். வாந்திபேதியைச் சொன்னார். "பச்சையம்மா என்கிற அந்த ஐந்து வயதுக் குழந்தை" என்று நிறுத்தினார். பனைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அந்தப் பெயரைக் கோயில் வீதி முழுக்கச் சொன்னது. பொம்மை விற்கிறவனும் மொட்டையடிக்கிறவனும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பந்தியில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள். எதிர்வரிசையிலிருந்த ஒருத்தி இலையைத் தாண்டி எட்டி, கன்னியம்மாளின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பத்தொன்பது வருஷமாக அவள் அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்னதே இரண்டு மூன்று தடவைதான். அது அவளுடையது. அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

சோறு வந்தது. கன்னியம்மாள் சாப்பிட்டாள். சாப்பிடாமல் எழுந்தால் அழுகிறாள் என்பார்கள், அதற்கும் மைக்கில் ஏதாவது சொல்வார்கள். சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று ஒவ்வொன்றாக, ஒரு பருக்கை விடாமல் நிதானமாகச் சாப்பிட்டாள். முடித்ததும் இலையின் கீழ்ப் பாதியைப் பிடித்தாள். அதைத் தன்னை விட்டு எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தாள். கை தவறி அல்ல. மடித்துவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

பரிமாறிக்கொண்டிருந்த ரகுபதியின் கரண்டி அப்படியே நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலியாரும் பார்த்துவிட்டார். அவர் முகம் கறுத்துப்போயிற்று. கிருத்திகையும் அதுவுமாக, தன் கொட்டகையில், முதல் இலை கருமாதி இலையாகக் கிடக்கிறது.

ஏகாம்பரநாதன் கூடையோடு வந்தார். அதே கூடை, விளிம்பில் அவள் பழந்துணி சுற்றித் தைத்த கூடை. குனிந்தார், கண்ணை மூடினார், இலையை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கூடையில் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கன்னியம்மாள் அந்த நிம்மதியை நன்றாகப் பார்த்தாள். அது எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

கை கழுவிக்கொண்டு, போர்த்தின சேலையை மடித்துக் கம்பத்தடியில் வைத்துவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். ரகுபதி வாசல்வரை ஓடிவந்தார், கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை.

சாயங்காலம் முதலியார் பொறுக்க முடியாமல் ஏகாம்பரநாதனிடம் கேட்டார். "அந்தம்மா எலைய எடுத்தீங்களே, எப்டி மடிச்சிருந்துச்சின்னு பாத்தீங்களா?"

"பாக்கலையே. எப்படி மடிச்சா என்ன ஐயா? அடியார் இலை. எடுக்கறப்ப எனக்கு ஒண்ணுமே தெரியலை, நான் நானாவே இல்லை."



கன்னியம்மாள் ஏரிக்கரை வழியாக நடந்துகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இடம் தேடி நின்ற அதே மதகடிக்கு வந்ததும் கால் நின்றது. தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆவணி மாசத்தில் ஏரியில் என்ன இருக்கும்? பாளம் பாளமாக வெடித்த சேறும், நடுவில் ஒரு குட்டையும், அதில் நாலு எருமைகளும்தான் இருந்தன. தூ, இதற்குக்கூட வழியில்லை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல், மதகுக் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீரும் வந்தது.

அவள் ஊர்க்காரி எல்லம்மா விறகுக் கட்டோடு எதிரே வந்தாள். கன்னியம்மாளோடு களையெடுக்கப் போகிறவள்.

"இன்னா கன்னிம்மா, இந்நேரத்துக்கே திரும்பிட்ட? கிருத்திகைக்குப் போவல?"

"போய்ட்டு வந்துட்டேன்."

"சாப்ட்டியா?"

"வயிறு முட்டச் சாப்ட்டேன். கருமாதிச் சோறு."

எல்லம்மா விறகுக் கட்டை இறக்கிவிட்டாள். "ஐய, யாரு பூட்டாங்க?"

"நாந்தான்" என்றாள் கன்னியம்மாள்.

எல்லம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, வெயிலில் நடந்து கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தாள். கன்னியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விறகுக் கட்டில் பாதியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேரப்பணஞ்சேரிக்கு நடந்தார்கள். புரட்டாசிக் கிருத்திகையன்றும் வல்லக்கோட்டையில் அவளுக்கென்று முதல் இலை போட்டிருந்தார்கள். அன்றைக்கு அவள் பொழுது சாய்கிறவரை கழனியில் களையெடுத்துக்கொண்டிருந்தாள்.